எச்சில் படாமல்

மேடையில் தொங்கிய பேனரில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்த கிழவனும் கிழவியும் எந்த ஊர்க்காரர்களாய் இருக்கும் என்று சங்கரவடிவு யோசித்துக்கொண்டிருந்தாள். பஞ்சை ஒட்டவைத்த மாதிரி நரை, வரிசை பிசகாத பல், ஆப்பிள் நிறத்தில் கன்னம். இரண்டு பேர் தோளிலும் கையைப் போட்டுக்கொண்டு நடுவில் ஒருத்தி, மகளோ மருமகளோ, அவளுக்கும் அதே சிரிப்பு. இவர்களுக்கு என்ன பராமரிப்பு வேண்டிக்கிடக்கிறது, ஓடவிட்டால் வடிவையே முந்திக்கொண்டு ஓடுவார்கள். திருநெல்வேலி ஜில்லாவில் இப்படி ஒரு கிழவனை யாராவது கண்ணால் பார்த்ததுண்டா. ஒரு பக்கமாய்ச் சரிகிறவன், கடைவாயில் எச்சில் ஒழுகுகிறவன், ஊட்டிய சோற்றைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு விழுங்க மாட்டேன் என்று விழிக்கிறவன், அப்படி ஒருவன் படத்தைப் போட்டால் கூட்டம் சேராது என்று நினைத்திருப்பார்கள். 'முதியோரைப் பராமரிக்கும் குடும்பத்தினருக்கான தகவல் மற்றும் ஆதரவுக் கூட்டம், அனைவரும் வருக.' அனைவரும் வந்துவிட்டால் வீட்டில் கிடக்கிறவர்களை யார் பார்ப்பதாம். அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. பேனருக்குப் பின்னால் நேற்றைய கல்யாணத்தின் தெர்மாகோல் அலங்காரம் பாதி பிய்ந்து தொங்கியது. தரையில் பாயசம் சிந்திய இடத்தில் செருப்பு ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் மண்டபத்தை ஓசியில் வாங்கியிருப்பார்கள். ஆதரவும் ஓசிதான். ஓசியில் கிடைக்கிற ஆதரவு எப்படி இருக்கும், இந்த நாற்காலி மாதிரி இருக்கும், உட்கார்ந்தால் ஒரு கால் ஆடும். அவள் ஆதரவு கேட்டு வரவில்லை. அவளுக்கு ஒரே ஒரு கேள்வி இருந்தது, அதற்குப் பதில் வேண்டும், வாங்கிக்கொண்டு வீட்டைப் பார்க்கப் போய்விட வேண்டும். அப்பாவுக்கு ஏன் காய்ச்சல் திரும்பத் திரும்ப வருகிறது. கார்த்திகை மாசம் வாதம் வந்து வலப் பக்கம் விழுந்தது, பேச்சு போயிற்று, அது போகட்டும், அது விதி. ஆனால் அதற்குப் பிறகு மூன்று தடவை நெஞ்சுச் சளி, மூன்று தடவை ஆஸ்பத்திரி, மூக்கில் குழாய், கையில் ஊசி. இத்தனைக்கும் வீட்டில் ஒரு தூசி கிடையாது, குளிர்ந்த தண்ணீர் கிடையாது, ஜன்னலைக்கூட அளந்துதான் திறக்கிறாள். ஏன் டாக்டர் என்று கேட்டால் அந்த ஆள் செல்போனைப் பார்த்துக்கொண்டே, வயசாச்சுல்லாம்மா என்கிறான். வயசானால் காய்ச்சல் வரும் என்று சொல்வதற்கா படித்தான். கடைசியாக வீட்டுக்கு அனுப்பும்போது மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்து, இன்னொரு தடவை இப்படி வந்தா தாங்கமாட்டாங்க, பாத்துக்கோங்க என்றான். எதைப் பார்த்துக்கொள்ள என்று சொல்லவில்லை. எதைப் பார்க்காமல் விட்டாள் அவள்.

மேடையில் முதல் ஆள் பேசிக்கொண்டிருந்தான். டிராக் பேன்ட், தொப்புள் தெரிகிற டீ-ஷர்ட், காதோடு ஒட்டிய மைக். மனநல ஆலோசகராம். 'உங்க கப் காலியா இருந்தா அடுத்தவங்களுக்கு எப்படி ஊத்துவீங்க' என்று ஒரு பிளாஸ்டிக் தம்ளரைக் கவிழ்த்துக் காட்டினான். முன்வரிசையில் நாலு பேர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். இதற்குத் தலையாட்ட என்ன இருக்கிறது, காலி தம்ளரில் தண்ணீர் இருக்காது என்பது இவன் வந்து சொல்லித்தான் தெரிய வேண்டுமா. தினமும் ஒரு மணி நேரம் உங்களுக்காக மட்டும் ஒதுக்குங்க, பாட்டுக் கேளுங்க, செடி வளருங்க, பழைய சிநேகிதிகளுக்குப் போன் போடுங்க. ஒரு மணி நேரம். அப்பாவுக்குத் துணி மாற்றி, திருப்பிப் படுக்கவைத்து, முதுகில் பவுடர் போட்டு, கஞ்சியை வடிகட்டி ஊட்டி முடிக்கும்போது அடுத்த துணி நனைந்திருக்கும், இதில் செடி ஒன்றுதான் குறைச்சல். சிநேகிதிகளுக்குப் போன் போட்டால் அவர்கள் என்ன சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். புண்ணியம்டி உனக்கு. கொடுத்து வெச்சவடி நீ. அப்பனைப் பாக்கதுக்குன்னே கல்யாணம் கட்டாம இருந்திருக்கே பாரு. அப்பனைப் பார்ப்பதற்காக யாரும் கல்யாணம் கட்டாமல் இருப்பதில்லை, வந்த வரன்களை அப்பன் ஒவ்வொன்றாய்த் தட்டிவிட்டதால் கட்டாமல் இருந்தாள், பெண் பார்க்க வந்த இடத்தில் ஒருத்தன் காபி தம்ளரை வாய்வைத்துக் குடித்தான் என்று ஒரு சம்பந்தமே போயிற்று. அதைச் சொன்னால் நம்பவா போகிறார்கள். இப்போது டிராக் பேன்ட் எல்லாரையும் எழுந்து நிற்கச் சொன்னான், இரண்டு கையையும் தூக்கி வாய்விட்டுச் சிரிக்க வேண்டுமாம், ரத்த அழுத்தம் இறங்குமாம். மண்டபம் முழுக்க ஹோ ஹோ என்று சத்தம். எல்லாரும் வீட்டில் மூத்திரத் துணி அலசுகிறவர்கள், இங்கே கையைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிறார்கள், கூத்து பார்த்த மாதிரி இருக்கிறது. அவள் எழுந்து நின்றாள், சிரிக்கவில்லை, கையை மட்டும் பாதி தூக்கினாள். அதற்கே தன்மேல் அவளுக்கு எரிச்சலாய் வந்தது. இங்கே வரச்சொன்னது தம்பி பெண்டாட்டி. ஓசூரில் இருந்துகொண்டு போனில் அனுப்பியிருந்தாள், கும்பிடுகிற கை, பூ, இதயம் எல்லாம் போட்டு. மைனி நீங்க போயே ஆகணும், உங்களுக்கும் சப்போர்ட் வேணும்லா, அதுக்குத்தான் இவங்களை மூணு நாள் அனுப்பி வெச்சிருக்கேன். அனுப்பி வைத்திருக்கிறாளாம், பார்சல் மாதிரி. வந்து இறங்கிய பார்சல் லுங்கியைக் கட்டிக்கொண்டு கிரிக்கெட் பார்க்கிறது.

தம்பி பிரமநாயகம்தான் அந்தப் பார்சல். அவனிடம் அப்பாவை விட்டுவிட்டு வந்திருக்கக் கூடாது. தம்பியா அவன், விருந்தாளி. அப்பாவுக்கு எந்தப் பக்கம் படுத்தால் வலிக்கும் என்றுகூடத் தெரியாது. நேற்று ராத்திரி, என்னக்கா அப்பா ரொம்ப மெலிஞ்சுட்டாங்க என்று அப்பா காலைத் தடவிக்கொண்டு கேட்டுவிட்டு அடுத்த நிமிஷமே அல்வா டப்பாவைத் திறந்தான்.

"யக்கா, முறுக்கு எடுத்துக்கோங்க. இந்தாளு சிரிக்கச் சொல்லிப் பசியைக் கிளப்பி விட்டுட்டாரு."

பக்கத்து நாற்காலிக்காரி. வந்து உட்கார்ந்ததிலிருந்து வாய் ஓயவில்லை. கத்திரிப்பூ நிறத்தில் பட்டு, கூட்டத்துக்கு இல்லை, கல்யாணத்துக்கு வந்தவள் வழிதவறி உட்கார்ந்துவிட்டாள் என்றுதான் வடிவு முதலில் நினைத்தாள். பேர் புஷ்பராணி, சமாதானபுரம், மாமியாருக்கு ஞாபகம் தவறிப்போய் நாலு வருஷம். கேட்காமலே எல்லாம் சொன்னாள்.

"எங்க அத்தைக்கு என்னைய அடையாளம் தெரியாதுக்கா. வேலைக்காரின்னு நெனச்சுக்கிட்டு, இந்தா ஏட்டி, எம் மருமவ வார முன்னாடி வீட்டைக் கூட்டு, அவ ஒரு பஜாரின்னு எங்கிட்டயே சொல்லுதாவ. நானும், ஆமாம்மா, அவ மோசமானவதான், சீக்கிரம் சாப்பிட்டுருங்க, வந்துருவான்னு பயங்காட்டி ரெண்டு தோசையை உள்ள தள்ளிருவேன்."

சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். மாமியாரைச் சந்திசிரிக்க வைத்துவிட்டு முறுக்கைக் கடிக்கிறாள். இப்படி ஒருத்தி கையில் மாட்டிய கிழவி என்ன பாவம் செய்தாளோ. வடிவு முறுக்கு வேண்டாம் என்று கையை அசைத்தாள். புஷ்பராணி பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள், மூடியைத் திருகினாள், பாட்டிலின் வாயை அப்படியே தன் வாய்க்குள் விட்டு, கன்றுக்குட்டி மாதிரி சப்பிக் குடித்தாள். முறுக்குத் துணுக்கு ஒன்று பாட்டிலுக்குள் நீந்திப் போனதை வடிவு பார்த்தாள். அந்தப் பாட்டிலை நீட்டி, தண்ணியாவது குடிங்கக்கா என்றாள். வடிவு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திருப்பிய பக்கத்தில் அந்தப் பெரியவர் இருந்தார். இந்த மண்டபத்திலேயே மனுஷராய் ஒருவர். சலவை வேட்டி, முழங்கை வரை மடித்த வெள்ளைச் சட்டை, நெற்றியில் மூன்று கோடும் கோணாமல் இருந்தது. தாசில்தாராகவோ தலைமையாசிரியராகவோ இருந்து ஓய்வுபெற்றிருக்கலாம், மனைவிக்கு வாதமாம், அவரே பார்க்கிறாராம், பின்னால் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. சற்றுமுன் அவர் தண்ணீர் குடித்ததை அவள் கவனித்திருந்தாள். பாட்டிலை ஒரு சாண் உயரத்தில் பிடித்து, தலையைப் பின்னால் சாய்த்து, நூல் பிடித்தாற்போல் ஊற்றி, மடக் மடக் என்று, ஒரு சொட்டு மீசையில் படவில்லை. வளர்த்த வளர்ப்பு. அப்பாவும் அப்படித்தான். ரதவீதியில் பாத்திரக்கடை வைத்திருந்தவர், ஆவுடையப்ப பிள்ளை கடை என்றால் டவுனில் தெரியாதவர் இல்லை, கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைச் செம்பு, கழுத்துக் குறுகியது, அதிலிருந்து அவர் குடிக்கிற அழகைப் பார்க்கவே ஆள் நிற்கும். உதட்டுக்கும் செம்புக்கும் நடுவில் ஒரு ஆள் புகுந்து போகலாம் என்பார்கள். வீட்டில் யாராவது தம்ளரை உதட்டில் வைத்தால் தட்டிவிடுவார், தட்டிவிட்ட தம்ளரைப் புளிபோட்டுத் தேய்த்த பிறகுதான் அடுக்களைக்குள் விடுவார். சின்ன வயசில் அவளுக்கு மூக்கில் ஏறி, கண்ணில் தண்ணீர் வந்து, சட்டை நனைந்து, அழுது, கடைசியில் ஒரு நாள் சிந்தாமல் குடித்தபோது அப்பா கடைக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினார், எம்மவ குடிக்கதைப் பாருங்கவே. வாழ்க்கையில் அவர் அவளைப் பற்றிப் பெருமையாகச் சொன்னது அது ஒன்றுதான், அதற்குப் பிறகு எத்தனை செய்தாள், எதற்கும் இல்லை. தம்பிக்குக் கடைசிவரை வரவேயில்லை, அவன் ரகசியமாக அடுக்களை மூலையில் திரும்பி நின்று சப்பிக் குடிப்பான், நாய் மாதிரி. வாதம் வந்து அப்பா விழுந்த அன்றைக்கு அவள் முதலில் நினைத்தது இதைத்தான், இனிமேல் அப்பா எப்படித் தண்ணீர் குடிப்பார். நர்ஸ் ஒருத்தி சிப்பர் என்று குழந்தைகள் சப்புகிற மூக்குப் பாட்டிலை நீட்டினாள். அப்பா அதைப் பார்த்த பார்வை. வடிவு அதைத் தூக்கிக் குப்பையில் போட்டாள். பேச்சு போனால் மானமும் போக வேண்டுமா. அந்தச் செம்பையே எடுத்தாள். இடது கையை அப்பாவின் பிடரிக்குக் கொடுத்து, தலையைப் பின்னால் சாய்த்து, வாயை லேசாகத் திறந்து, உதட்டில் படாமல், நூல் மாதிரி. உலகத்தில் வேறு எந்த மகளுக்கும் வராது. ஒன்றே ஒன்று, அப்பா ஒத்துழைக்கமாட்டார். அவள் பிடரியைத் தொட்டதுமே தாடையைக் கொண்டுபோய் நெஞ்சோடு ஒட்டவைத்துக்கொள்வார். வீம்பு. அந்தக் காலத்து வீம்பு, கையும் காலும் போன பிறகு தாடையில் வந்து நிற்கிறது. அவளும் விடமாட்டாள், தாடைக்குக் கீழே விரலைக் கொடுத்து நிமிர்த்துவாள், அவர் இறக்குவார், இவள் நிமிர்த்துவாள். பிறகு ஊற்றுவாள். கொஞ்சம் இருமுவார். கண்ணில் தண்ணீர் வரும். பழகும்போது யாருக்குத்தான் வரவில்லை. நேற்று இதையெல்லாம் தம்பிக்குச் செய்து காட்டினாள். பத்தரை மணி மாத்திரைக்கு இப்படித்தான் கொடுக்கணும், வாய்வெச்சுக் குடுத்தேன்னா அப்பா மனசு விட்டுப்போயிரும், புரிஞ்சுதா என்று கேட்டாள். அவன் செம்பைக் கையில் வாங்கி, கடையில் விலை பேசுகிறவன் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சரிக்கா என்றான்.

டிராக் பேன்ட் இறங்கி, செல்போனில் மணியடித்து மாத்திரையை ஞாபகப்படுத்துகிற ஏதோ ஒன்றைப் பற்றி இன்னொருவன் பேசி, அவனும் இறங்கி, இப்போது ஒரு பெண் ஏறியிருந்தாள். பெண்ணா அது, பிளஸ் டூ முடித்திருக்குமா. ஒல்லிக் கழுத்து, பெரிய கண்ணாடி, வெள்ளைக் கோட்டு இரண்டு அளவு பெரியது. பேச்சும் விழுங்குதலும் சம்பந்தமான தெரபிஸ்ட் என்றார்கள். விழுங்குவதற்கும் ஒரு படிப்பு வந்துவிட்டது, இனி கொட்டாவி விடுவதற்கும் வரும். எலிக்குஞ்சு மாதிரி குரல், மைக்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தது. இவளிடமா கேட்பது. கேட்டால் இவளும் வயசாச்சுல்லாம்மா என்று சொல்லக் கற்றுக்கொண்டிருப்பாள். கேட்கவே வேண்டாம், எழுந்து போய்விடலாம், தம்பி மாத்திரையை மறந்திருப்பான், போய் அவளே கொடுத்துக்கொள்ளலாம் என்று பையை எடுத்து மடியில் வைத்தாள்.

"யாராவது ஒருத்தங்க மேல வந்து கொஞ்சம் தண்ணி குடிச்சுக் காட்டுறீங்களா" என்று கேட்டது அந்தப் பெண்.

மண்டபத்தில் சிரிப்பு. தண்ணீர் குடித்துக் காட்டவேண்டுமாம். வேட்டிக்காரப் பெரியவரைப் பக்கத்தில் இருந்தவர்கள் தள்ளிவிட்டார்கள், அவரும் கூச்சத்தோடு ஏறினார். பாட்டிலை உயர்த்தினார், தலையைச் சாய்த்தார், வெளிச்சத்தில் தண்ணீர் கண்ணாடிக் கம்பி மாதிரி இறங்கியது. தொண்டை ஏறி இறங்கியது. கைதட்டினார்கள். வடிவும் தட்டினாள், இந்தக் கூட்டத்தில் அவள் தட்டிய முதல் கைதட்டல்.

"சார் அழகா குடிச்சாங்க. நம்ம வீடுகள்ல எல்லாரும் அப்படித்தான் குடிக்கோம், எங்க வீட்டுலயும் அப்படித்தான்" என்றது பெண். எலிக்குஞ்சுக் குரல் எங்கோ போயிருந்தது. "சார், வீட்டுல அம்மாவுக்கும் இப்படித்தான் குடுக்கீங்களா?"

"ஆமா. அவளுக்கு வாய்வெச்சுக் குடிச்சுப் பழக்கம் கிடையாது."

"இருமுவாங்களா?"

"கொஞ்சம் இருமுவா."

"அடிக்கடி சளி, காய்ச்சல் வருமா?"

பெரியவர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

பெண் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டியது. இங்கே ரெண்டு வழி இருக்கு, ஒண்ணு சாப்பாட்டுக்கு, ஒண்ணு மூச்சுக்கு. முழுங்கும்போது மூச்சு வழியை மூடுறதுக்கு ஒரு கதவு மாதிரி இருக்கு. நமக்கு அது சட்டுன்னு மூடிக்கும், அதனால அண்ணாந்து குடிச்சாலும் ஒண்ணும் ஆகாது. வாதம் வந்தவங்களுக்கு அது மெதுவாத்தான் மூடும். தலையைப் பின்னால சாச்சு ஊத்தினீங்கன்னா, கதவு மூடுறதுக்குள்ள தண்ணி மூச்சுக்குழல்ல இறங்கிரும். நேரா நெஞ்சுக்கு. அதுதான் அந்தச் சளி. தலை நிமிரவே கூடாது, உக்காரவெச்சு, தாடையை நெஞ்சைப் பாத்துக் குனியவெச்சு, ஒவ்வொரு வாயா. சில பேருக்குத் தண்ணியைக் கொஞ்சம் கெட்டியாக்கிக் குடுக்கணும். ஒவ்வொருத்தருக்கும் வேற வேற, கூட்டிட்டு வந்து காட்டுங்க. ஆனா அண்ணாந்து மட்டும் வேண்டாம். பிறகு கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு மண்டபத்தைத் துழாவி, வடிவின் பக்கமாய்க் கையை நீட்டியது. "அந்தா அந்தப் பட்டுச் சேலை அக்கா குடிக்கிறாங்க பாருங்க. வாய்வெச்சு, கொஞ்சம் குனிஞ்சு. அதுதான் சரி." பாட்டிலைச் சப்பிக்கொண்டிருந்த புஷ்பராணிக்குப் புரையேறிச் சிரிப்பு வந்தது. "ஆத்தாடி, எனக்கும் ஒரு கைதட்டு தட்டுங்கப்பா" என்றாள். தட்டினார்கள்.

தாடையை நெஞ்சைப் பார்த்துக் குனியவைத்து. யார் குனியவைப்பது, குனிந்துதானே இருந்தது. அவள் பிடரியைத் தொட்டதும் குனிந்தது, தாடைக்குக் கீழே விரல் கொடுத்ததும் இன்னும் அழுத்திக் குனிந்தது, அந்த விரலில் தாடையின் முரட்டு முடி குத்தும், வீம்பு என்று நினைத்தாள், வீம்புக்கு வீம்பு என்று நிமிர்த்தினாள். இந்தச் சின்னப் பெண்ணுக்கு என்ன தெரியும், பொத்தாம்பொதுவாய்ச் சொல்கிறது, எல்லாருக்கும் அப்படி இருக்காது, வேற வேற என்று அதுவே சொன்னதே. ஆனால் இருமல். ஒவ்வொரு தடவையும் இருமல், பிறகு கொரகொரவென்று ஒரு சத்தம், அது நெஞ்சில் தங்கும், ராத்திரியில் சூடு ஏறும். எச்சில் படாமல் ஊற்றினாளே, ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றினாளே, சிந்தாதது எங்கே போயிற்று. கண்ணில் தண்ணீர் வரும் அப்பாவுக்கு. பழக்கிய அப்பாவுக்கே பழக்குகிறோம் என்று நினைத்தாளே. எம்மவ குடிக்கதைப் பாருங்கவே. பேச முடியாதவர் தாடையால் சொல்லிக்கொண்டிருந்தார், சொல்லச் சொல்ல இவள் விரலால் நிமிர்த்திவிட்டாள். பத்தரை. பத்தரை மாத்திரை. சுவரில் இருந்த கடிகாரம் நின்றுபோயிருந்தது, கல்யாண மண்டபக் கடிகாரம் என்றைக்கு ஓடியது. தம்பி இப்போது செம்பை எடுப்பான். மறக்கிற ஜன்மம், எல்லாவற்றையும் மறக்கிற ஜன்மம், இதையாவது மறந்து தொலைக்கட்டும். மறக்கமாட்டான், அவள்தான் அடித்துச் சொல்லிவிட்டு வந்தாளே, பார்த்துக் கற்றுக்கொள் என்று செய்து காட்டினாளே. இவளுக்கு மட்டுமே ஒழுங்காய் வருவது அவனுக்கு எப்படி வரும், நூலாய் வராது, குடம் கவிழ்ந்தாற்போல் ஊற்றுவான், அந்தத் தடிக்கையைப் பிடரியில் கொடுத்து. இன்னொரு தடவை வந்தா தாங்கமாட்டாங்க, பாத்துக்கோங்க. அவள் எழுந்தாள். முழங்கால்களைத் தாண்டினாள், யார் காலையோ மிதித்தாள், யாரோ உச்சுக்கொட்டினார்கள். வாசலில், இலவசமாய்க் கொடுக்கிற டயப்பர் பொட்டலங்களை அடுக்கிவைத்திருந்த மேஜைக்குப் பின்னால் நின்று போனைத் தேடினாள். பையில் சாவி, திருநீற்றுப் பொட்டலம், சீப்பு, அடியில் போன். மணி அடித்தது. அடித்தது. அடித்து நின்றது. கிரிக்கெட் சத்தத்தில் கேட்டிருக்காது. அல்லது இரண்டு கையிலும் வேலை, ஒரு கை பிடரியில், ஒரு கை செம்பில். மறுபடியும் போட்டாள். டயப்பர் மேஜைப் பையன், மேடம் உங்க பேஷண்டுக்கு என்ன சைஸ் என்று கேட்டான். அவனைப் பார்த்தாள், அவன் அடுக்கியதையே திரும்ப அடுக்க ஆரம்பித்தான்.

"என்னக்கா" என்றான் தம்பி. பின்னால் டிவியில் கூச்சல்.

"அப்பாவுக்கு மாத்திரை குடுத்துட்டியால?"

"அப்பவே குடுத்துட்டேனே."

"எப்டிக் குடுத்த?"

"நீ சொன்ன மாதிரிதான்."

சொன்ன மாதிரி. அவள் சொன்ன மாதிரி இந்த உலகத்தில் ஒருத்தனும் எதையும் செய்ததில்லை, இன்றைக்குப் பார்த்துச் செய்திருக்கிறான்.

"இருமுனாங்களா?"

"இல்லியே."

"பொய் சொல்லாத நாயகம். இருமாம இருக்கமாட்டாங்க. நெஞ்சுல சத்தம் கேக்கா பாரு."

அந்தப் பக்கம் டிவி சத்தம் குறைந்தது. பிறகு, சின்ன வயசில் அடுக்களை மூலையில் அகப்பட்டுக்கொண்டபோது பேசுகிற குரலில் பேசினான்.

"ஏசாதக்கா. எனக்கு அந்தச் செம்பு வராதுன்னு உனக்கே தெரியும்லா. அப்பா மேல ஊத்திருவேன்னு பயம். அப்பாவைத் தூக்கி நாற்காலில உக்காரவெச்சு, முன்னால பேப்பரை விரிச்சுப் போட்டேன். குனிஞ்சு படம் பாத்துக்கிட்டு இருந்தாங்க. என் காபி தம்ளர் அங்ஙன இருந்துது. அவங்களே நல்ல கையை நீட்டி இழுத்தாங்க. வாயில வெச்சுட்டாங்கக்கா. நான் என்ன செய்ய. பெறகு தண்ணியும் அதுலயே குடுத்துட்டேன். கொஞ்சங் கொஞ்சமா முழுசும் குடிச்சாங்க."

"ஒரு இருமல்கூட இல்லியா?"

"இல்லக்கா. நேத்து சாயங்காலமும் அப்டித்தான், நீ கடைக்குப் போயிருந்தேல்லா. தம்ளரைப் புளிபோட்டுத் தேச்சு வெச்சிருக்கேன், நீ ஒண்ணும் நெனக்காத."

நேற்று ராத்திரி சூடு இல்லை. கையை நெற்றியில் வைத்துப் பார்த்துவிட்டு, தான் கொடுத்த கஷாயத்தால் என்று நினைத்துக்கொண்டு படுத்தாள். அப்பா இழுத்திருக்கிறார். தம்ளரைத் தட்டிவிடுகிற கை, எச்சில் தம்ளரை இழுத்து வாயில் வைத்திருக்கிறது, அதுவும் இவனுடைய எச்சில், நாய் மாதிரி சப்புகிறவனுடைய எச்சில். அவளிடம் ஒரு நாளும் இழுத்ததில்லை. அவள் எதிரே தம்ளர் வைத்ததில்லை. சிரிப்பு வந்தது, டிராக் பேன்ட் சொன்ன சிரிப்பு இல்லை. அப்பாவுக்கு எப்போது எச்சில் பார்க்கிறது விட்டுப்போயிற்று, எந்த ஆஸ்பத்திரியில், எந்தக் காய்ச்சலில், அவளிடம் சொல்லாமல். அல்லது சொல்லியிருக்கலாம்.

"அக்கா. இருக்கியா?"

"அப்டியே குடு."

"எது?"

"அப்டியே, வாய்வெச்சு. தலையை நிமித்தாத. அந்தச் செம்பைப் பரண்ல தூக்கிப் போடு."

"எச்சிலாக்கா?"

"எச்சில்தாம்ல. போனை வை."

உள்ளே போனாள். வேட்டிக்காரப் பெரியவர் இன்னும் மேடைக்குப் பக்கத்தில், அந்தப் பெண்ணுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். பாட்டில் கையிலேயே இருந்தது. பெண் தாடையைத் தாழ்த்தித் தாழ்த்திக் காட்ட, அவரும் தாழ்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார், நெற்றி விபூதி சட்டையில் உதிர்ந்துகொண்டிருந்தது. அவருக்குப் பின்னால் ஒரு வரிசை சேர்ந்திருந்தது. வடிவும் போய் நிற்க வேண்டும், எந்தக் கிழமை கூட்டிவரலாம் என்று கேட்க வேண்டும், கேட்கத்தான் வந்தாள், அந்தக் கேள்வி இப்போது வேறு கேள்வியாகிவிட்டது. பேனர்க் கிழவி அதே பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தன் நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தாள், ஒரு கால் ஆடியது.

"எங்கக்கா ஓடுனீங்க, வீட்டுல ஒண்ணும் இல்லியே?" புஷ்பராணி கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல. தண்ணி குடிச்சிருக்காங்க."

"அம்புட்டுத்தானா. மூஞ்சியைப் பாத்து நான் பயந்துட்டேன்."

இரண்டு நாற்காலிக்கும் நடுவில், தரையில், மூடி திறந்தபடி பாட்டில் இருந்தது. வடிவு குனிந்து எடுத்தாள். கை தானாய் மேலே போயிற்று, நெற்றிக்கு மேல், தலை பின்னால் சாய ஆரம்பித்தது. நிறுத்தினாள். பாட்டிலை இறக்கினாள்.

"யக்கா, அது நான் வாய்வெச்சதுல்லா" என்றாள் புஷ்பராணி. "உள்ளே முறுக்கு வேற கெடக்கு. இருங்க, கேன்ல பிடிச்சிட்டு வாரேன்."

"தெரியும்" என்றாள் வடிவு.

தாடையை நெஞ்சில் அழுத்தினாள். பாட்டிலின் விளிம்பு உதட்டில் பட்டது, அங்கே அடுத்தவளின் எச்சில் இன்னும் காயாமல் இருந்தது, உவர்ப்பும் எண்ணெயும். குமட்டல் ஏறி வந்தது. கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் குமட்டலுக்கு மேலாகவே ஒரு வாய் இழுத்தாள். தண்ணீர் நாக்கில் நின்றது. எங்கே போகவேண்டும் என்று அதற்குத் தெரியாத மாதிரி கொஞ்சம் நின்றது. பிறகு இறங்கியது.